அணைக்கு வயசாகிவிட்டது என்பது உண்மையா, கருத்தா?

குமுளி வாசகர் ஒருவர் கேட்டது, ஜூலை 3

என் மகள் ஏழாம் வகுப்பு, தமிழ் மீடியம். டீச்சர் பத்து வாக்கியம் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உண்மை' அல்லது 'கருத்து' என்று எழுதச் சொல்லியிருக்கிறார். நாலாவது வாக்கியம் இது: 'முல்லைப்பெரியாறு அணை கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதனால் அது ஆபத்தானது.' மகள் உண்மை என்று எழுதினாள். கம்பத்திலிருந்து வந்திருந்த என் மாமனார் அதை ரப்பரால் அழித்துவிட்டு கருத்து என்று எழுத வைத்தார். டீச்சர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு நோட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் கருத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு உண்மையை மட்டும் பேசினால் ரெண்டு மாநிலச் சண்டையும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். சரிதானே?

ஜூலை 3, இரவு

தீராது. அணை நிற்பது கேரளத்தில், தண்ணீர் போவது தமிழகத்துக்கு. உண்மைகளில் பெரும்பாலானவற்றை ரெண்டு பக்கமும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்று. 1887-ல் வேலை ஆரம்பம், 1895 அக்டோபர் 10-ல் திறப்பு. கட்டியது ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக். சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் குழைத்துக் கட்டிய கல் அணை. இதில் எதையாவது திருவனந்தபுரமோ சென்னையோ மறுத்ததுண்டா?

அந்த நாலாவது வாக்கியத்தின் முதல் பாதி வெறும் கழித்தல் கணக்கு. கடைசிச் சொல் ஒரு தீர்ப்பு. வம்பு நடுவில் உட்கார்ந்திருக்கும் 'அதனால்'-இல் இருக்கிறது. வயசானதால் ஆபத்து என்றால், குஜராத்தில் மோர்பிக்கு மேலே இருந்த மச்சு அணை 1972-ல் முடிந்து 1979 ஆகஸ்ட் 11-ல் உடைந்ததே, அதற்கு என்ன வயசு? பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு. வயசு ஒரு தகவல். அதிலிருந்து ஆபத்துக்குப் போக வேண்டுமென்றால் இடையில் இன்னும் நாலைந்து தகவல் வேண்டும். டீச்சர் போட்ட கேள்விக்குறிதான் சரியான விடை என்று தோன்றுகிறது.

ஜூலை 4

எதிர்பார்த்த மாதிரியே கூடலூர் அண்ணன் கல்லணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். 'கரிகாலன் கட்டியது ரெண்டாயிரம் வருஷம் நிற்கிறது, இதற்கு என்ன கேடு?'

அண்ணே, இதுவும் அதே 'அதனால்'தான், திசை மட்டும் வேறு. கல்லணை தாழ்வான அணை, தண்ணீரைத் திருப்பி விடுகிற வேலை அதற்கு. பெரியாறு அணை நூற்றைம்பது அடிக்கு மேல் உயரமாக நின்று தண்ணீரை மலைக்குள் தேக்கி வைத்திருப்பது. வயசு அதிகம் என்பதால் ஆபத்து என்பது எவ்வளவு அரைகுறையோ, வயசு அதிகமானது ஒன்று நிற்கிறது என்பதால் இதுவும் நிற்கும் என்பதும் அவ்வளவு அரைகுறை.

மச்சு அணையை நான் இழுத்ததற்கும் இந்தக் குத்து விழும் என்று தெரியும். அது பெரும்பகுதி மண் அணை, வெள்ளம் மேலே வழிந்து அடித்துக்கொண்டு போனது. வயசு மட்டும் போதாது என்று காட்டத்தான் அதைச் சொன்னேன். அதற்கு மேல் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

ஜூலை 4, சற்று நேரம் கழித்து

நான் எந்தக் கட்சி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வண்டிப்பெரியாறு. எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். வீடு ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம், அணைக்குக் கீழே. அக்காவைக் கொடுத்திருப்பது கம்பத்துப் பக்கம், மச்சானுக்கு அந்த அணைத் தண்ணீரில் நெல் வயல். ஆகவே எங்கள் வீட்டில் ரெண்டு பேப்பரும் வரும், ரெண்டு டிவியும் ஓடும். கட்சியை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜூலை 6

ஒரே நாள், ஒரே அணை, 136 அடி. இங்கே மலையாளச் செய்தியில்: நீர்மட்டம் 136 அடி, கரையோர மக்கள் கவலை. அங்கே தமிழ்ச் செய்தியில்: நீர்மட்டம் 136 அடியை எட்டியது, விவசாயிகள் மகிழ்ச்சி.

இதில் எது உண்மை, எது கருத்து? 136 உண்மை என்பதில் சந்தேகமில்லை. கவலையும் மகிழ்ச்சியும் கருத்து என்று ஏழாம் வகுப்பு எழுதும். ஆனால் வண்டிப்பெரியாற்றுக்கு வந்து வீடு வீடாகக் கேட்டுப் பார்க்கலாம், கவலை இருக்கிறதா இல்லையா என்று. கம்பத்திலும் கேட்கலாம். சரிபார்க்க முடிகிற எதுவும் உண்மைப் பெட்டிக்குள்தானே போக வேண்டும்? ஒருவன் பயப்படுகிறான் என்பது தகவல். அவன் பயப்படுகிற காரியம் நடக்குமா என்பது வேறு கேள்வி. ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில் அங்குள்ளவர்களும் இங்குள்ளவர்களும் கெட்டிக்காரர்கள். 'சும்மா பயப்படாதீங்க' என்று அங்கிருந்து ஒருவர் சொன்னால் இங்கே கோபம் வருவது அதனால்தான். பயமே இல்லை என்று சொல்வது போலக் காதில் விழுகிறது.

ஜூலை 6, ராத்திரி

மேலே எழுதியதைப் படித்த பிறகு ஞாபகம் வந்தது. கனமழை இரவுகளில் மைக் கட்டிய ஜீப் போகும். முதலில் மலையாளத்தில் சொல்வார்கள், பிறகு லயங்களுக்காகத் தமிழில். அம்மா எழுந்து ரேஷன் கார்டு, பட்டயம், அக்கா கல்யாணத்தில் மிஞ்சிய ஒரு சங்கிலி, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைப்பார். செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

அப்படி ஒரு இரவில்தான் அக்காவிடமிருந்து போன். 'தண்ணி நல்லா ஏறுதாமேடா! ரெண்டாம் போகத்துக்கு நாத்து விடலாம்னு மச்சான் சொல்றாரு.' அம்மாவுக்கு அது கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, 'பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கு ஆச்சு' என்றார். பையை மட்டும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை.

ஜூலை 9

'கோர்ட்டே பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டது, இனி அது உண்மை, பேச்சுக்கே இடமில்லை' என்று ஒருவர். கொஞ்சம் பொறுங்கள்.

அணையை வடிவமைத்த நாளில் 152 அடி வரை. மோர்பி நடந்த 1979-ல் இங்கே பயம் பரவி, மத்திய நீர்வளக் கமிஷனோடு பேசி 136-க்கு இறக்கினார்கள். அணையின் முகட்டில் கான்கிரீட் தொப்பி, உடம்புக்குள் எஃகு வடங்கள், முதுகுக்குக் கான்கிரீட் முட்டு என்று பலப்படுத்தும் வேலை நடந்தது. பத்து ஷட்டர் பதின்மூன்றானது. 2006 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளம் சட்டம் திருத்தி 136-ல் நிறுத்தியது. 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லாது என்றது. அந்த வருஷம் நவம்பரில் தண்ணீர் 142-ஐத் தொட்டது.

இவ்வளவும் பதிவு, யாரும் எடுத்துப் பார்க்கலாம். 'சட்டப்படி எத்தனை அடி தேக்கலாம்?' என்றால் 142 என்று மார்க் போடலாம். 'எத்தனை அடி வரை பாதுகாப்பு?' என்பதற்கு அப்படி மார்க் போட முடியாது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012-ல் அறிக்கை கொடுத்தது: வெள்ளம், கட்டுமானம், நிலநடுக்கம், மூன்றிலும் சரி என்றது. குழு அப்படிச் சொன்னது என்பது உண்மை. குழு சொன்னதன் உள்ளடக்கம், படித்தவர்கள் கணக்குப் போட்டு வந்த முடிவு.

ஜூலை 10

உடனே கோட்டயத்துக்காரர் குதிக்கிறார்: 'அப்போ குழு சொன்னதும் வெறும் கருத்துதான்!'

அந்த 'வெறும்'தான் எனக்கு ஒப்பாது. துளை போட்டுச் சுண்ணாம்பு மாதிரி எடுத்து, அணை தாங்குமா என்று கணக்குப் போட்டு ஒருவர் சொல்கிற கருத்தும், குமுளி பஸ் ஸ்டாண்டில் பரோட்டாவுக்குக் காத்திருக்கும்போது நான் சொல்கிற கருத்தும் ஒரே அலமாரியில் இருக்கின்றன என்பதற்காக ஒரே விலை ஆகிவிடுமா? கருத்து என்று பெயர் வைத்ததும் எல்லாம் சமம் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்துவிட்டது. அந்த ஒர்க்‌ஷீட்டில் எனக்குள்ள பெரிய குறை அதுதான். ரெண்டே பெட்டி. ஒரு பெட்டியில் விழுந்தது கல்வெட்டு, இன்னொன்றில் விழுந்தது குப்பை.

அதே சமயம், குழு சொல்லிவிட்டதால் 2012-க்குப் பிறகு யாரும் கேட்கக்கூடாது என்பதும் நடக்காது. முடிவு என்பது எந்தத் தேதியில், எந்த அளவீடுகளை வைத்து எடுத்தது என்பதோடு சேர்ந்தது. 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டமே பெரிய அணைகளைக் கால இடைவெளியில் முழுதாகச் சோதிக்கத்தானே சொல்கிறது.

ஜூலை 10

அணை நிலத்தின் குத்தகை நூற்றாண்டா, இருநூற்றாண்டா என்று அடித்துக்கொள்கிறவர்களுக்கு: 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் சென்னை அரசுக்குப் போட்டுக் கொடுத்த குத்தகை 999 வருஷம். ஏக்கருக்கு 5 ரூபாய், 8,000 ஏக்கர். 1970-ல் அது 30 ரூபாய் ஆனது. இதுவரை உண்மை. 'அநியாயக் குத்தகை' என்பது கருத்து, எனக்கும் ஓரளவு இருக்கிற கருத்து. குத்தகை முடிகிற அன்றைக்கு யாராவது என் பேரனின் பேரனின் பேரனுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

ஜூலை 15

தமிழில் தர்க்கம் படித்தவர்களிடம் ரெண்டு பெட்டி கிடையாது. காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவை. கண்ணால் கண்டது காண்டல். புகையைப் பார்த்து நெருப்பு என்று முடிவு செய்வது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லி அறிவது உரை. சைவ மடங்களில் பாடம் கேட்டவர்களுக்கு இது பால பாடம்.

இதை வைத்து அணையைப் பாருங்கள், எவ்வளவு தெளிவாகிறது. அளவுகோலில் 136 என்று பார்த்தது காண்டல். நான் பார்க்கவில்லை, பேப்பரில் படித்தேன், அப்படியானால் எனக்கு அது உரை. இத்தனை கசிவு இருப்பதால் உள்ளே சுண்ணாம்பு கரைந்திருக்கும் என்பது கருதல். நாம் 'எனக்கு நல்லாத் தெரியும்' என்று அடித்துச் சொல்கிறவற்றில் நாமே கண்டது எவ்வளவு? வண்டிப்பெரியாற்றில் பிறந்த நானே அணையைக் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. அது காட்டுக்குள், அனுமதி வேண்டும். தேக்கடிப் படகில் போய்த் தண்ணீரையும் பட்டுப்போன மரங்களையும் பார்த்ததோடு சரி. ஆனாலும் எனக்கு அணையைப் பற்றி எவ்வளவு 'தெரியும்'!

ஜூலை 16

கசிவு பற்றிக் கேட்டவருக்கு. கசிவு இருக்கிறது, அளக்கிறார்கள், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று எழுதி வைக்கிறார்கள். கேரள அதிகாரியும் தமிழக அதிகாரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதே அளவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து எதிரெதிராகப் பேட்டி கொடுப்பார்கள். இவர் 'கசிகிறது பாருங்கள்' என்பார். அவர் 'கசிவு வரம்புக்குள் இருக்கிறது' என்பார். பொய் சொல்கிறவர் யாரும் இல்லை.

இந்த மாதிரி அணைக்குள் சுரங்கப்பாதை போல ஒரு நடை வைத்து, ஊறி வரும் தண்ணீரை வேண்டுமென்றே வடிய விடுவது வழக்கம். அடியிலிருந்து தூக்குகிற அழுத்தம் குறையட்டும் என்று. தண்ணீர் ஏறும்போது கசிவும் ஏறுவது இயல்பு. ஏறாமல் திடீரென்று நின்றாலும் பொறியாளர் கவலைப்படுவார், வடிகால் அடைத்துக்கொண்டதோ என்று. ஆகவே 'கசிகிறது' என்ற தகவல் தனியாக நின்றால் நல்லதும் சொல்லாது, கெட்டதும் சொல்லாது. எந்த மட்டத்தில், எவ்வளவு, போன வருஷம் இதே மட்டத்தில் எவ்வளவு, கலங்கலா தெளிவா, இதெல்லாம் சேர்ந்தால்தான் பேச்சு. எங்கள் ஊர் டீக்கடைக்கு இதெல்லாம் வருவதில்லை. 'லீக்' என்ற ஒரு சொல் மட்டும் வருகிறது.

ஜூலை 19

இடுக்கி அணையின் நீர்மட்டம் 2403 அடி, பெரியாறு 142 அடி, அப்புறம் இடுக்கிக்கல்லவா பயப்பட வேண்டும் என்று ஒரு தம்பி ரொம்ப சீரியஸாகவே கேட்டிருக்கிறார். தம்பி, 2403 கடல் மட்டத்திலிருந்து. 142 ஆற்றின் அடிமட்டத்திலிருந்து. ரெண்டும் உண்மை, ரெண்டும் அடி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அபத்தம்.

ஜூலை 23

பென்னிகுவிக் மனைவியின் நகையையும் இங்கிலாந்துச் சொத்தையும் விற்று அணையை முடித்தார் என்று மச்சான் சத்தியம் செய்வார். அவர் வீட்டு நடுக்கூடத்தில் படம் இருக்கிறது, சாமி படங்களுக்கு அடுத்து. லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் ஜனவரி 15-ல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள், நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அணை சென்னை அரசு பொதுப்பணித்துறையின் வேலை, அரசுக் கஜானா செலவு. நகை விற்ற கதைக்கு ஆவணம் காட்டு என்றால் மச்சான் படத்தைக் காட்டுகிறார்.

இதைக் கருத்து என்றும் சொல்ல முடியாது என்பதுதான் வேடிக்கை. 'விற்றார்' என்பது நடந்ததா இல்லையா என்ற விஷயம். நடந்திருந்தால் உண்மை, நடக்காவிட்டால் பொய், ரசனைக்கு அதில் வேலையே இல்லை. ஆதாரம் இல்லாததையெல்லாம் நாம் கருத்து என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

தேதி இருந்தால் எப்படித் தீரும் என்பதற்கு மதுரையே சாட்சி. 2021-ல் நூலகம் கட்ட எடுத்த இடத்தில் இருந்தது பென்னிகுவிக் வாழ்ந்த வீடு என்று பெரிய சத்தம். அவர் இறந்தது 1911-ல், கட்டடம் 1912-ல் தொடங்கி 1913-ல் முடிந்தது என்று அரசு தரப்பில் காட்டினார்கள். ஆவியாக வந்து தங்கினால்தான் உண்டு.

ஜூலை 23, பிற்சேர்க்கை

மச்சான் இதைப் படித்துவிட்டார். 'அப்போ அவர் பெரிய மனுஷன் இல்லைங்கிறியா?' மச்சான், அவர் பெரிய மனுஷன் என்பது என் கருத்தும்கூட. வெள்ளமும் மலேரியாவும் அடித்த காட்டில் மேற்கே போகிற ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவருக்கு நகைக் கதை எதற்கு?

ஆகஸ்ட் 2

பேச்சு 1956-க்கு, மொழிவாரியாக மாநில எல்லை போட்ட வருஷத்துக்கு, நழுவிவிட்டது, நழுவாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பீருமேடு, தேவிகுளம் தாலுகாக்களில் தமிழர் அதிகம் என்ற எண்ணிக்கையை எல்லை பிரித்த கமிஷன் மறுக்கவில்லை. தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்களை வைத்து எல்லை போடலாமா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. போடக்கூடாது என்று முடிவு செய்தார்கள். எண்ணிக்கை ஒன்றுதான், அதில் யாரை எண்ணுவது என்பது தீர்ப்பு. எங்கள் தாத்தா வந்தவர், போகவில்லை. இது என் குடும்பத் தகவல், கமிஷனுக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்ட் 14

2018 வெள்ளம். தமிழகம் பெரியாறு அணையைத் திடீரென்று திறந்ததும் ஒரு காரணம் என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இல்லை என்றது தமிழகம். மத்திய நீர்வளக் கமிஷன் அறிக்கை அசாதாரண மழையைத்தான் கைகாட்டியது. திறந்த நேரம், கனஅடி எல்லாம் பதிவில் இருக்கிறது. ஆனால் 'காரணம்' என்பதை எந்த அளவுகோலிலும் படிக்க முடியாது. திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நடக்காத ஒன்றைக் கணக்குப் போட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். அந்தக் கணக்கை யார் போடுகிறார் என்று நான் பார்ப்பேன், நீங்களும் பார்ப்பீர்கள்.

குமுளி நண்பரின் 'உண்மை மட்டும் பேசுவோம்' எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று இந்த வாரம் முழுக்க மழை பெய்யும்போது யோசித்தேன். நானும் மச்சானும் உட்கார்ந்து எல்லாத் தகவலிலும் ஒத்துப்போக முடியும். அளவு, வருஷம், லிட்டர், தீர்ப்பு, எல்லாம். உடையும் வாய்ப்பு ரொம்பச் சொற்பம் என்பதில்கூட ஒத்துப்போவோம். அந்தச் சொற்பம் தப்பிப்போனால் அவருக்குப் போவது தண்ணீர், பயிர், வருஷக்கணக்கில் பிழைப்பு. எனக்குப் போவது அம்மா. அவர் '142 போதாது' என்பதும் நான் '136-க்கு மேல் வேண்டாமே' என்பதும் தகவல் குறைவால் வருவதில்லை. ஆகவே உங்கள் மாமனாரிடம் இன்னும் நாலு புள்ளிவிவரத்தைக் காட்டி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ரெண்டாம் போகம் இல்லாமல் போன வருஷங்களில் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அதற்குப் பிறகு சண்டை போடலாம், சுவாரசியமாக இருக்கும்.

ஆகஸ்ட் 15

'அப்படியென்றால் உண்மைக்கு மதிப்பே இல்லையா?' இருக்கிறது ஐயா. மேலே பாருங்கள்: மதுரை வீடு, இடுக்கி 2403, குத்தகை. மூன்று சண்டையை ஒரு வரியில் முடித்திருக்கிறது. மிச்சம் இருப்பது முடியாத சண்டை, அவ்வளவே.

ஆகஸ்ட் 17

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'பெரியாறு அணையில் பிளவு' படத்தை ஐந்தாறு பேர் அனுப்பிவிட்டார்கள், அதில் ஒருவர் என் அக்கா மகன். படத்தில் அணை வில் மாதிரி வளைந்து ரெண்டு மலைக்கு நடுவே நிற்கிறது. அது இடுக்கி. பெரியாறு அணை அப்படி வளைந்ததில்லை. படத்தின் கீழே 'ஷட்டர் திறக்கும் காட்சி' என்று வேறு போட்டிருக்கிறார்கள். அந்த வளைந்த இடுக்கி அணையில் ஷட்டரே கிடையாது. ஷட்டர்கள் இருப்பது பக்கத்தில் உள்ள செறுதோணி அணையில். அனுப்பியவர்கள் தயவுசெய்து அனுப்பிய அதே குரூப்பில் இதையும் போடுங்கள். மருமகனே, நீ முதலில்.